சம்பந்தி வீட்டுக்குப் போன அழைப்பு

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அங்கே இயந்திரம் பேசத் தொடங்கியதும், கடன் வசூல் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். குரலுக்காகவே எல்லோரும் அவளைக் 'கணீர்' என்று கூப்பிட்டார்கள்.

செருப்புக் கடைக்கு மேலே, ஜன்னல் திறக்காத அறை. ஹெட்செட்டின் பஞ்சு முந்தைய ஷிப்டின் வியர்வையில் ஊறியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகாது. கடன் வாங்கியவரிடம்தான் பேசலாம், அவருடைய உறவுக்காரர்களிடம் பேசக்கூடாது என்பது சட்டம். மேனேஜர் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"சட்டத்துக்கே சட்டம் போட்டு மாட்டிட்டாரு, பாரு," என்பாள் பக்கத்து இருக்கைக்காரி.

ஒரு நாள் மேனேஜர் ஒரு வெல்டரின் எண்ணைக் காட்டினார். "இந்த ஆளு போனே எடுக்க மாட்டேங்கிறான். புதுசா பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கான்ல, அந்தச் சம்பந்தி வீட்டுக்கு அடிம்மா."

"சார், அது கூடாதுன்னு சுவத்துலயே இருக்கே?"

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க படிக்க. உனக்கு வேல வேணுமா, வேணாமா?"

அடித்தாள். எடுத்தது சம்பந்தியம்மா. வெல்டர் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை, ஒரு சொல் விடாமல் கணீரென்று சொல்லி முடித்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

மேனேஜர் கைதட்டினார். அவள் கை கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அன்றைக்கு இறங்கியவள் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

வெல்டர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்படி யாரும் பேசவேயில்லை என்று கம்பெனி சாதித்தது. இதை அந்தப் பக்கத்து இருக்கைக்காரி வந்து சொன்னதும், இவள் தானாகவே சாட்சிக்குப் போனாள்.

கம்பெனி வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கம்பெனி ஆபீஸ்ல இருந்துதான் பேசினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க பேசினேன்."

நஷ்டஈடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வராந்தாவில் வெல்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "சாட்சி சொன்னீங்க, சரி. எம்பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கா. இன்னும் குத்திக் காட்டுறாங்க."

கம்பெனியோ பணத்தை விட்டெறிந்துவிட்டு, பெயரை மாற்றி, எதிர்க் கட்டடத்திலேயே புதுப் பலகை மாட்டியது. அவள் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தலைவலி மாத்திரை வாங்க வந்த மேனேஜர் பல்லை இளித்தார்.

"பழசெல்லாம் மறந்துரும்மா. உன் கொரலுக்குச் சம்பளம் கூட்டியே தர்றேன், வா."

மாத்திரையையும் மீதிச் சில்லறையையும் மேசையில் வைத்தாள். பிறகு வெளியே போய், சாக்கடை ஓரமாகக் காறித் துப்பிவிட்டு வந்தாள்.