நெல் கிடந்த களம்

அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டில், மகள் ஒரு நாள் சரித்திரப் பாடத்தோடு வந்து நின்றாள். இந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்ட சண்டைக்குக் காரணங்கள் என்ன, விளைவுகள் என்ன என்று எழுத வேண்டுமாம். புத்தகத்தில் காரணங்கள் வரிசையாக இருந்தன. துணி வியாபாரத்தில் போட்டி, நவாபு பதவிக்கு ஆளுக்கொரு பக்கம் ஆதரவு, ஐரோப்பாவில் ராஜாக்களின் பகை. விளைவு என்று ஒரே வரிதான். ஆங்கிலேயர் வென்றார்கள், சில ஊர்களை மட்டும் கோட்டை மதில் இல்லாமல் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதில் ஒரு விளைவு தினமும் காலையில் எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது.

நான் கம்பெனியில் கடிதம் அடிக்கும் ஆள். மாதக் காசுக்கு ஏற்றிப் போகும் கார் லிஃப்டில் துபாயின் சோனாப்பூர் வந்து, அங்கே தொழிலாளர் கேம்ப் ஆட்களோடு பஸ் ஏறி சைட்டுக்குப் போவேன். டிரைவர் காரைக்கால்காரர். எனக்கு நாகூர் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள எல்லை எங்கள் ஊர் ஆண்களுக்குச் சாராயக் கடையால்தான் தெரியும். அதனால் முதல் நாளிலிருந்தே அவரை "என்ன பிரெஞ்சுக்காரரே, டூட்டி எப்படி?" என்று சீண்டுவேன். கேம்ப் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் சிரிப்பார். அவரிடம் இருந்தது என்னுடையதைப் போன்ற நீல இந்திய பாஸ்போர்ட்தான் என்று தெரிந்தே நான் அப்படிக் கூப்பிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது, வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். டிரைவருடைய தாத்தாவின் அண்ணன் கையெழுத்துப் போட்டார். தாத்தா போடவில்லை. அண்ணன் வாரிசுகள் பாரிசுக்குப் போனார்கள். தம்பி பேரன் துபாய்க்கு வந்தார். ஊரில் மட்டும் வீடு பிரிக்கப்படாமல் இரண்டு குடும்பத்தின் பெயரிலும் நின்றது. அண்ணன் பங்கு பூட்டியே கிடந்து கூரை சரிந்து, மழைத் தண்ணீர் பொதுச் சுவர் வழியாக டிரைவரின் அம்மா படுக்கும் அறைக்குள் இறங்கியது. அந்தச் சுவரை இடித்துக் கட்ட மற்றப் பங்காளியின் ஆட்சேபணையின்மைக் கடிதம், அதுதான் என்ஓசி, வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். வளைகுடாவில் வாழ்ந்தவனுக்கு என்ஓசியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பாரிசுக்கு மூன்று கடிதம் எழுதினார். பதிலே இல்லை.

அந்தப் பங்காளி, அதாவது முறைக்கு அண்ணன், இரண்டு நாள் துபாய் சுற்றிப் பார்க்க வருவதாக உறவினர் யாரோ சொல்லி, ஞாயிற்றுக்கிழமை டிரைவரும் நானும் தேராவில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்றோம். என்ஓசியை நானே அடித்து எடுத்துப் போயிருந்தேன். டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கசங்கிவிடும் என்று, கடிதம் இருந்த கவரை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வந்தவர் பாரிஸ் அருகே ஒரு தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். பெரிய ஆளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"சௌக்கியமா, தம்பி?" என்றார். அறுபது வருடத்துக்கு முந்தைய தமிழ். உட்கார்ந்ததும் முகம் இறுகியது. "ஒண்ணு கேக்கணும். உங்க தாத்தா அந்தக் குடியுரிமைக் காயிதத்தைக் கிழிச்சு எங்க தாத்தா மூஞ்சில எறிஞ்சாராமே? வெள்ளக்காரனுக்குக் கூலியாப் போறவன் அண்ணனே இல்லன்னாராமே? அதான் நான் பதில் போடல."

டிரைவர் திகைத்துப்போய் அவரையே பார்த்தார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"யாருண்ணே சொன்னா? கிழிக்கவே இல்ல. அது அறுப்பு நேரம். களத்துல நெல்லு கெடந்துச்சு. வானம் வேற மூடிக்கிட்டு நின்னுச்சாம். எல்லாத்தையும் கரை சேத்துட்டு மறுவாரம்தான் ஆபீசுக்குப் போனாரு. தேதி முடிஞ்சி போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு அண்ணன்கிட்ட சொல்லல."

"நெல்லா?" என்றார் பாரிஸ்காரர்.

"நெல்லுதாண்ணே."

அவர் நெற்றியைத் தேய்த்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பேனாவை எடுத்தார். நான் நீட்டிய கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே, தேசியம்: இந்தியர் என்று இருந்தது. கேம்ப் ஆட்களுக்கு நூற்றுக்கணக்கில் அடித்த அதே படிவம். அந்தக் கட்டத்தை நான் பார்க்கக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும்," என்றார் அவர் மெதுவாக. "இப்படி எழுதின காயிதம் எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. இதுலயே போட்டுடறேன்."

பேனாவைத் தாளில் வைத்தார். ஆனால் டிரைவர் கையை நீட்டி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாண்ணே, உங்க பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகாது, இது செல்லாது. சார், பக்கத்துல டைப்பிங் சென்டர் இருக்கு, வேற அடிங்க. பிரெஞ்சுன்னே அடிங்க." அண்ணன் பக்கம் திரும்பினார். "எங்க தாத்தா தேதிய விட்டதுக்கு நான் யார்மேலயும் கோவப்பட்டதில்லன்னு சொன்னா பொய். ஆனா நீங்க பிரெஞ்சுன்னு இருந்தாத்தான் எங்கம்மா நனையாமப் படுப்பாங்க."

அண்ணன் தன் பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் போய் அடித்து வந்தேன். மேலே பிரெஞ்சு, கீழே இந்தியர், இரண்டு பெயருக்கும் ஒரே வீட்டு முகவரி. அண்ணன் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோலவே கையெழுத்துப் போட்டார். டிரைவர் அதைக் கவருக்குள் வைத்து, சட்டைப் பையில் செருகி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார். "தம்பி, அதுல ஒரு நகல் எனக்கும் வேணும். நம்ம ரெண்டு பேர் பேரும் ஒரே காயிதத்துல இருக்கு பாரு."