அங்கேயே நில்லு என்று சொல்லும் பறவை

செய்தி வந்தபோது நான் ஈப்போவில் எங்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு பொம்மைக்குள் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நசீர் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். “புனிதா எறந்துட்டா மச்சான்” என்றான். டெங்கிக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். திரும்பி வந்து எங்கள் பொம்மைப் பறவைக்கு மீதி வர்ணத்தை அவளே பூசுவாள் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு கொசு கடித்து ஒருத்தி செத்துப்போவாள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அவளோடு படித்தவர்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். எங்கள் மூவரின் இறுதியாண்டுத் திட்டம் அது. கேளிக்கைப் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் இருவாட்சிப் பறவைப் பொம்மை. ராட்டினத்தின் பக்கம் போனால் ஒரு பாட்டு, படகின் பக்கம் போனால் வேறொரு பாட்டு. விரிவுரையாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. புனிதாவுக்குப் போதவில்லை. பறவைகள் இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று பிள்ளையிடம், ஒன்று தாயிடம் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டும் கம்பியில்லாமல் ஒன்றையொன்று ஓயாமல் விசாரித்துக்கொள்ளும். பதில் வரும்வரை இரண்டின் நெஞ்சிலும் பச்சை விளக்கு எரியும். பதில் நின்றால் பிள்ளையின் பறவை பேசும்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவள் வீடு தாப்பாவுக்கு அருகே, ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில். அப்பா இல்லை. கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் அம்மா, அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு தீபாவளி விடுமுறையில் அவளைப் பூங்காவுக்கு அழைத்துப்போய்க் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார். மகள் அம்மாவைத் தேடி ஓட, அம்மா மகளைத் தேடி ஓட, சாயங்காலம் வரை ஆளுக்கொரு பக்கம் சுற்றியிருக்கிறார்கள். “ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் தொலைஞ்சிருவோம் லா. ஒருத்தர் நிக்கணும், ஒருத்தர் வரணும்” என்பாள். இதை எங்களிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பறவைக்குக் குரல் கொடுக்க நசீர் முன்வந்தான். பேரங்காடி அறிவிப்பு மாதிரி நீட்டி முழக்கினான். “ஒன் கொரலக் கேட்டா நிக்கிற பிள்ளையும் ஓடிப்போயிரும்” என்று சொல்லி அவனை நகர்த்திவிட்டு அவளே பேசினாள். “அங்கேயே நில்லும்மா, நான் வாரேன்.” ஒரே தடவைதான். திரும்பப் பதிவு செய்யத் தேவைப்படவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததும் அந்தக் குரலால்தான். துணைப்பறவை பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி தாங்காது என்றேன். எல்லாக் கருவிகளையும் அப்படித்தான் செய்வார்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “தேடறத நிப்பாட்டுற பொம்மைய எந்த அம்மா வாங்குவா?” என்றாள். நிரலை அவள் சொன்னபடியே எழுதினோம்.

இறுதிச் சடங்குக்குப் பிள்ளையின் பறவையை எடுத்துப் போனேன். தாயின் பறவை அவள் வீட்டில் இருந்தது. வர்ணம் பாதியில் நின்றிருந்தது. அம்மா அதைப் பெட்டிக்குள் அவள் கையருகே வைத்தார். விருப்பப்பட்ட பொருளைக் கூடவே அனுப்புவது எங்களில் வழக்கம். “வெளக்க போட்டு விடுங்க தம்பி. இருட்டுல போக வேணாம்” என்றார். போட்டேன். நான் கொண்டுபோனதை அம்மாவின் கையில் கொடுத்தேன். இரண்டிலும் பச்சை எரிந்தது. தேவாரம் படித்து முடிக்கும்வரை அம்மா அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடும் நேரத்தில் சவப்பெட்டிக்காரர் குனிந்து பார்த்தார். “இதுல பேட்டரி இருக்கா? அது கூடாதுங்க, தகன அடுப்புல வெடிச்சிரும்” என்றார். அவர் சொன்னது சரிதான். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, பொறியியல் படிக்கிறோமாம். கழற்றத் தெரிந்தவன் நான்தான். அவள் விரல் என் மணிக்கட்டில் படாமல் அந்தச் சின்னத் திருகாணிகளைக் கழற்றப் பார்த்தேன், பட்டுக்கொண்டே இருந்தது. பேட்டரியை உருவினேன். விளக்கு அணைந்தது.

அம்மாவின் கையிலிருந்த பறவை பேசியது. “அங்கேயே நில்லும்மா, நான் வாரேன்.”

பறையடித்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். நசீர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அது மறுபடியும் சொன்னது. நிறுத்தட்டுமா என்று நான் கை நீட்டினேன். அம்மா பறவையை மார்போடு அணைத்துக்கொண்டார். “நிக்கிறேன்டி” என்றார். “நிக்கிறேன். நீ வா.”

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வண்டி தோட்டச் சாலையில் திரும்பும்போது பார்த்தேன், அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றார். அக்கம்பக்கத்தார் உள்ளே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லையாம்.

காலம் ஆற்றும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போன வாரம் நானும் நசீரும் போயிருந்தோம். பறவை சாமி மேடைக்குப் பக்கத்தில், சார்ஜர் கம்பியோடு இருந்தது. “தெனமும் போட்டுடுறேன் தம்பி, சார்ஜ் கொறைஞ்சா கொரலு இழுக்குது” என்றார் அம்மா. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது பல முறை கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றார். நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் அது அடங்கிவிடும். அவர் கேட்கவில்லை. கேட்டாலும் என் கையால் இன்னொரு முறை அதைச் செய்ய முடியாது.

என்னிடம் புனிதாவுடையது என்று இருப்பது, நான் உருவிய அந்தப் பேட்டரி மட்டும்தான். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நேற்று மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இன்னும் சார்ஜ் இருக்கிறது.