பாலில் விட்ட அயிரை

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில புத்துநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, வாய்க்குப் பிடிச்சதைக் குடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். வாய்க்குப் பிடிச்சதாம்! கஞ்சித் தண்ணியே பாதிதான் எறங்கும். அந்த மனுஷன் ஒருநாள் காலையில, "அயிரை மீன் குழம்பு வச்சுத் தாயேன்"னார். கல்யாணமான நாள்லேருந்து இது வேணும் அது வேணும்னு வாய் தொறந்து கேட்டதே இல்ல. எப்படியாவது வச்சுக் குடுத்துடணும்னு எனக்கு ஒரு வெறியே வந்துடுச்சு.

பாபநாசம் மார்க்கெட்ல கட்லாவும் ஜிலேபி மீனும்தான் கெடந்துச்சு. சரி போன்னு நானும் நாத்தனாரும் குண்டானும் பழைய புடவையுமா வாய்க்காலுக்கே போயிட்டோம். முறை வச்சு விடற தண்ணி நின்னு போயி, மதகடிப் பள்ளத்துல மட்டும் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்துச்சு. அயிரை விரல் நீளம்கூட இருக்காது, அடி மண்ணோடயே கெடக்கும். காலால சேத்தை நல்லா கலக்கணும். மூச்சு முட்டி மேல வரும்போது புடவையால வளைச்சு அள்ளணும். அன்னிக்குக் கலக்கவே வேண்டியிருக்கல. நாங்க எறங்கறதுக்கு முன்னாடியே மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நின்னுச்சு. "அண்ணி, கேக்காமலே குடுக்கறா பாருங்க காவேரி"ன்னு நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டா. நானும் கும்பிட்டேன்.

அயிரையை உசுரோடதான் கழுவணும். பால்ல விட்டா துள்ளித் துள்ளிக் குடிச்சு, வயித்துல இருக்கற மண்ணைக் கக்கிடும். அப்புறம்தான் கல்லுப்பு போட்டு மண்சட்டியில ஒரசறது. வீட்டுல இருந்த பாலை அப்படியே ஊத்தினேன். ஒண்ணுகூடத் துள்ளல. கொஞ்ச நேரத்துல அத்தனையும் வயித்தைக் காட்டிகிட்டு மெதந்துச்சு. குனிஞ்சு மோந்து பாத்தா மருந்து நெடி. மேல வயல்ல முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடிச்சாங்க. அந்த வடிகால் தண்ணி நேரா அந்தப் பள்ளத்துலதான் வந்து விழும். அவங்களைத் திட்டி என்ன பண்ண? எங்க வயலுக்கும் அதே மருந்தைத்தான் அடிக்கிறோம்.

"நல்லா அலசி வச்சுடலாம் அண்ணி. அண்ணனுக்கு இனிமே என்ன ஆயிடப் போவுது"ன்னா நாத்தனார். சொன்ன கையோட முந்தானையால வாயைப் பொத்திகிட்டு அழுதா. "போகப் போறவருன்னா விஷத்தைக் குடுத்துடலாமாடி?"ன்னு கத்திட்டேன். கொல்லையில குழி வெட்டிக் கொட்டி, பூனை தோண்டாம மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சேன்.

உள்ளேருந்து அவரு, "ஆச்சா?"ன்னு கேக்கறார். காலையிலேருந்து எதையும் தொடாம காத்துகிட்டிருக்கார். மறுபடி வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் அவரு இருக்கணுமே. அடுப்பைப் பத்த வச்சேன். சின்ன வெங்காயம், பூண்டு, புளி, அரைச்ச மசாலா, அவருக்குப் பிடிக்கும்னு ரெண்டு துண்டு மாங்கா. எல்லாம் போட்டேன், மீனைத் தவிர.

ஆற வச்சு, ஸ்பூன்ல எடுத்து நாக்குல விட்டேன். கண்ணை மூடி வாயிலயே வச்சிருந்தார். முழுங்க முடியல. கடவாயோரமா வழிஞ்சுது, துண்டால தொடச்சேன். நாத்தனார் நெலைப்படிகிட்டயே நின்னுட்டா, உள்ள வரல.

"மண்ணு வாசமே இல்ல. நல்லா கழுவியிருக்க"ன்னார்.

"ஆமாங்க, பால்ல விட்டுக் கழுவினேன்"னேன்.