ஜெபக்குறிப்பாய் வந்த பொய்யும் எங்கள் அப்பாவும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலர் அவரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் ஒரு விஷயத்தை நான்தான் எழுதவேண்டும். அதற்காகவே அண்ணனிடம் சண்டை பிடித்து இந்தப் பக்கங்களை வாங்கினேன்.

அப்பா பாண்டிருப்பில் பிறந்தவர். அப்பப்பா மாவடிப்பள்ளி வயல்களில் கூலி வேலை செய்து அவரைப் படிப்பித்தார். ஒலுவில் முதல் கல்முனை வரை பல தபால் கந்தோர்களில் வேலை பார்த்துத் தபாலதிபராக ஓய்வு பெற்றார். அம்மா நோயில் போனபோது நான் பத்தாம் வகுப்பு. அதன் பிறகு அப்பாவே சமைத்தார். சோறு குழையும், கறி உறைக்கும். முறைப்பட்டால், “நன்றி சொல்லிப்போட்டுச் சாப்பிடு” என்பார்.

சுனாமியாய்க் கடல் வந்த வருடம் வீட்டை இழந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தோம். அதே அறையில் எங்களோடு தங்கியிருந்தது மருதமுனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கைத்தறிக் குடும்பம். அதன் தலைவரைத்தான், அவர்கள் அண்ணனை அழைக்கும் முறையில், நாங்கள் இன்றும் காக்கா என்கிறோம். அவர் அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். அறையை இரண்டாகப் பிரிக்கக் கட்டிய சாரத்துணியை இரண்டாம் நாளே அவிழ்த்துவிட்டார்கள்.

அப்பாவுக்குச் செய்திப் பைத்தியம் இருந்தது. சபையின் புதன்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிடம் அவருடையது. அந்த வாரத்துச் செய்திகளை வாசித்து, விசுவாசி அவற்றை எப்படிப் பார்க்கவேண்டும் என்று சொல்லி ஜெபிப்பார். செய்தியைக் கண்டு பயப்படுவதும் பிழை, கண்ணை மூடிக்கொள்வதும் பிழை, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. ஞாயிறு ஆராதனை நேரத்தில் டியூஷன், கல்யாண மண்டபத்தில் சாராயம், கல்யாணமே வேண்டாம் என்னும் பிள்ளைகள், ஒரு வீட்டில் நாலு பேருக்கு நாலு கைபேசி என்று எல்லாம் வரும். இந்த மாற்றங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததுபோல் நடித்ததும் இல்லை. “உங்கட காலம் போயிட்டுது அப்பா” என்று சீண்டுவேன். “காலம் போகும் மகள், கட்டளை போகாது” என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் நின்ற இடம் எது என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

நான் மட்டக்களப்பில் வேலையாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் சபைப் பெண்பிள்ளை ஒருத்தி தலையை மூடிக் கட்டியபடி தறியில் இருக்கிறாள். வேலை கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. தறி காக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கவும் இல்லை. “ஜெபக்குறிப்பு” என்று ஒரு சொல்லைச் சேர்த்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜெபக்குறிப்பு என்று வந்துவிட்டால் எங்கள் சபையில் அது மெய்யா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு மாதிரி இருக்கும். நான் அனுப்பியதால் அப்பாவும் கேட்கவில்லை. புதன்கிழமை வாசித்தார், கண்ணீரோடு ஜெபித்தார்கள். மறுநாள் காக்காவின் தறிகளில் வேலை செய்த எங்கள் சபைப் பெண்பிள்ளைகள் ஐந்து பேரும் வேலைக்குப் போகவில்லை. பெருநாளுக்குக் கொடுக்கவேண்டிய சாரங்கள் அரைகுறையாகத் தறியில் நின்றன.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார். “ஐயா, என்ட புள்ள தலையில துணி கட்டினது நூல் தூசுக்கு. அவளுக்கு இழுப்பு இரிக்கி. அதயா மதம் மாறின எண்டு ஜெபிச்சீங்க?” என்று கேட்டார்.

அப்பா அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார். காக்கா உட்காரச் சொல்லவில்லை. “எங்க சொன்னீங்களோ அங்கயே திருப்பிச் சொல்லுங்க தம்பி. ஆரு அனுப்பின எண்டும் சொல்லுங்க” என்றார்.

முதலாவதை அப்பா செய்தார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, தான் பொய்ச்சாட்சி சொன்னதாக அறிக்கையிட்டார். சபைத் தலைவர்களில் ஒருவர், “இப்பிடித் தாழ்ந்து போனா நாளைக்கு நம்மட புள்ளையள ஆரு காப்பாத்திற?” என்று வெளியே வைத்துக் கேட்டார். “பொய் சொல்லித்தான் காப்பாத்தோணும் எண்டா, அது விசுவாசமில்ல” என்றார் அப்பா. பிள்ளைகள் வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டாவதை மட்டும் அவர் செய்யவில்லை. காக்காவும் வரவில்லை. ஒன்பது மாதம் வரவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். விடுமுறை எடுத்து வந்த என்னிடம் ஒவ்வொரு நாளும், “காக்கா வந்தவரா?” என்று கேட்பார். மன்னிப்புக் கேட்ட பிறகும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அவர் பெயர் கேட்டவர். நான் சொல்லல்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காக்காவைப் பார்க்காமலே அப்பா போய்விட்டால், அதற்குக் காரணம் நான்தான்.

விடிந்ததும் மருதமுனைக்குப் போனேன். அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பியது நான்தான் என்று கதவடியில் நின்றே சொன்னேன். காக்கா கதவை அகலத் திறந்தார்.

“நான் என்ட மச்சான்தான் தொழில் போட்டியில செஞ்ச எண்டு நினைச்சன் மகள். அவனோட சலாமும் இல்லாமல் இருந்தன். உங்கட அப்பா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“என்னைக் காட்டிக் குடுக்க மனம் வரல்ல போல காக்கா.”

“ஓம். நானெண்டாலும் என்ட மகளச் சொல்லியிருக்க மாட்டன்” என்று சட்டையைத் தேடினார்.

எனக்கு முன்னமே ஓட்டோ பிடித்து எங்கள் வீட்டில் நின்றார். “தம்பி, மகள் சொல்லிப்போட்டா. இனி ஒளிக்கத் தேவல்ல” என்றார். அப்பா என்னைப் பார்த்து, “உன்ன ஆரு சொல்லச் சொன்ன?” என்று ஏசினார். ஏசிக்கொண்டே காக்காவின் கையைப் பிடித்து அழுதார். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் கல்யாண மண்டபக் கூத்துகளைப் பற்றி ஒன்றாகப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார்கள். கடவுளைப் பற்றி அவர்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இளந்தாரிகளைப் பற்றிய முறைப்பாட்டில் ஒரு எழுத்தும் வித்தியாசமில்லை. நான் குசினிக்குள் போய் நின்று சிரித்தேன். மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி அது.

நாலாம் நாள் காலை அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறினார். துக்கம் இருக்கிறது. ஆனால் அவர் பாரமில்லாமல் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு லேசாகிறது.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதிமார், பாட்டுப் பாடி வழியனுப்பிய சபையார், துக்கத்தின் மூன்று நாளும் சோறு சமைத்து அனுப்பிய காக்கா வீட்டார், மச்சானிடம் தானே போய் மன்னிப்புக் கேட்ட காக்கா, பழிச்சொல்லைத் தாங்கிய ஐந்து பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் படத்தை அனுப்பியது யார் என்று சபையில் இன்னும் ஒருவரை ஒருவர் ஐயப்படுகிறீர்கள் என்று அறிகிறேன். இனி வேண்டாம். அப்பா கடைசிவரை சொல்ல மறுத்த பெயரை நானே கீழே எழுதுகிறேன்.

மகள்,
சுகந்தி