இராக்கம்மாவும் உப்பு அரித்த படிக்கல்லும்

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலில்தான் இராக்கம்மாவை முதலில் பார்த்தேன். போன ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. தேங்காய்த் தும்புக் கட்டால் வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்களைப் பற்றிப் படித்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டம் வாங்கியவன் என்று கேள்விப்பட்டு, கோயில் தலைவர் கிருஷ்ணராஜ் என்னைப் பசறையிலிருந்து வரவழைத்திருந்தார். படிக்கல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

"காரணம் அந்தா குந்தியிருக்கு," என்றார் தலைவர். "தேய்ச்சுத் தேய்ச்சே ஆத்தா வாசலக் கரைச்சிருச்சு. நாளைக்குக் கூட்டத்துல சாவிய வாங்கிறப் போறோம்."

இராக்கம்மா நிமிரவில்லை. "தும்புக்கே கல்லு கரையும்னா என்னைய ரோட்டு வேலைக்கில்ல அனுப்பியிருக்கணும்."

கணவர் செத்த வருசத்திலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக, கோயில் சாவி அவர் இடுப்பில்தான்.

அது எரிமலைக் கல். கோயிலைக் கட்டிய கங்காணி இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம். கனமான கல்தான், ஆனால் ஊசிமுனைத் துளைகள் நிறைந்தது. உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"படிச்ச புள்ள கல்ல நக்குது," என்றார் இராக்கம்மா.

உப்பு. வேண்டுதலுக்காக வெள்ளிதோறும் சனம் அந்தப் படியில் கொட்டும் உப்பு. மழையில் கரைந்து துளைக்குள் இறங்குகிறது. வெயிலில் மறுபடி கட்டியாகி, கல்லின் தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. தேய்த்ததில் தப்பில்லை என்று மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். சாவி இராக்கம்மாவிடமே இருக்கட்டும், ஆனால் படியில் இனி யாரும் உப்புக் கொட்டாமல் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது.

எல்லோரும் போன பிறகும் அவர் எழும்பவில்லை.

"மத்தவங்க ஒரு கை கொட்டுவாங்க தம்பி. நான் முழு பாக்கெட்டு. மூணு வருசமா."

"எதுக்கும்மா?"

"மவன் நிஷாந்துக்கு. கொழும்புல கடையில நிக்கிறான். ஒரு தீவாளிக்காவது வரட்டும்னு." தன் கைகளைப் பார்த்தார். "அப்ப நாந்தான் ஆத்தா வாசல உரிச்சிருக்கேன்."

படிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைக்கலாம், சேர்ந்த உப்பை ஓடையில் கரைக்கலாம் என்றேன்.

"ஓடையில கரைச்சா ஆத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றேன். அது நான் படித்த பாடம் இல்லை.

இராக்கம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. முழங்கால் வீங்கியிருக்கிறது. வெள்ளி மாலைகளில் எல்லோருடைய உப்பையும் வாளியில் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்குகிறார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்புகிறார். நிஷாந்த் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.