மழைக்காரி மாட்டிய பெட்டி

அந்த வட்டாரத்தில் அவளுக்கு மழைக்காரி என்றே பெயர். மழை விட்ட மறுநாள் அவள் போன் ஓயாது. நனைந்த சுவிட்ச், எரியாத வாசல் விளக்கு, முரண்டு பிடிக்கும் மோட்டார் என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் இருந்தவள். அதை மூடியதும், ஸ்க்ரூடிரைவரும் கையுமாகச் சொந்தத் தொழிலில் இறங்கிவிட்டாள்.

அவளைக் கூப்பிடாத ஒரே ஆள், செடிப் பண்ணை வைத்திருந்த நாத்தனார்தான். "எங்க அண்ணி பல்பு மாட்டுனாலே பெரிசு" என்று கேலி பேசியபடியே மூன்று எலக்ட்ரீஷியன்களை மாற்றிவிட்டாள். பண்ணைச் சுவரிலிருந்த மோட்டார் சுவிட்சோ, லேசாகத் தூறினாலே டிரிப் ஆகி மோட்டாரை நிறுத்தியது. நாற்றுகள் வாடுவதைக் காணப் பொறுக்காமல், ஒருநாள் காலை வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

பழைய சுவிட்ச் பெட்டியைப் பார்த்ததும் மழைக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உச்சி மண்டையில ஓட்ட போட்டு ஒயர இறக்கியிருக்காங்களே! தண்ணி வா வான்னு உள்ள வராதா?"

மெயினை அணைத்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, புதுப் பிளாஸ்டிக் பெட்டியைச் சுவரில் முடுக்கினாள். ஒயர் நுழையும் துளையை அடிப்பக்கம் போட்டு, ரப்பர் வளையம் வைத்து இறுக்கினாள். உள்ளே பிரேக்கரும் டைமரும் நூல் பிடித்தாற்போல் உட்கார்ந்தன. ஒரு துண்டு செய்தித்தாளை உள்ளே வைத்து மூடினாள்.

"இது எதுக்கு அண்ணி?"

"மேல்தொட்டி ஹோஸ எடுத்து அடி. பேப்பர் நனைஞ்சிருந்தா என்னை இனிமே கூப்பிடாத."

நாத்தனாருக்குச் சொல்லவா வேண்டும்! மேலே, கீழே, பக்கவாட்டில் என்று பத்து நிமிஷம் விளாசினாள். பெட்டியில் பட்டதைவிட அண்ணி மேல் பட்டதுதான் அதிகம்.

துடைத்துவிட்டுத் திறந்தார்கள். தாள் மொறமொறவென்று இருந்தது. நாத்தனார் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். "அட, பொட்டுத் தண்ணி இல்லையே!"

மழைக்காரி பெட்டியை மூடிவிட்டு மெயினைப் போட்டாள். மோட்டார் உறும, பண்ணை முழுக்கத் தெளிப்பான்கள் சுழன்று இருவரையும் நனைத்தன. இருவரும் அலறினார்கள், ஆனால் ஓடவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

செடி வாங்க வந்த ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். "எங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெட்டி மாட்டணும். அவங்க வருவாங்களா?"

முந்திக்கொண்டு பதில் சொன்னவள் நாத்தனார்தான்:

"இந்த வாரம் எங்க அண்ணிக்கு நேரமே இல்ல. இங்கயே இன்னும் நாலு இடம் பாக்கி இருக்கு!"