வெளியே போன பாஸ்வேர்டு

1. திங்கட்கிழமை வந்த மெயில்

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி நூலகக் கணினியில் ஆய்வு ஜர்னல்களின் பக்கம் திறக்கவில்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால், உங்கள் நிறுவனத்துக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது. இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அதே வரிதான் வந்தது. அதன் பிறகே மெயிலைத் திறந்தேன்.

பதிப்பாளர் எழுதியிருந்தார். எங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் மூன்று ஜர்னல்களின் பழைய வால்யூம்களை யாரோ முழுசாக இறக்கியிருக்கிறார்கள். இறக்கிய கணினி எங்கள் கல்லூரியுடையது அல்ல. இது ஒப்பந்த மீறல். எப்படி நடந்தது, யார் பொறுப்பு, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் விளக்கம் வரும்வரை ஜர்னல் கிடையாது.

இறக்கியது யார் என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்பது மட்டும் தெரியும். நான்தான் கொடுத்தேன்.

இப்போது நூலகத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புத்தகம் வாங்கினால் அது நம்முடையது, அலமாரியில் இருக்கும். இ-ஜர்னல் அப்படியல்ல. அதைப் படிக்கும் அனுமதியைத்தான் ஒரு வருடத்துக்கு வாங்குகிறோம். யார் படிக்கலாம், எங்கிருந்து படிக்கலாம், எவ்வளவு இறக்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸ் அக்ரிமென்டில் இருக்கும். இப்போது கல்லூரியின் ஐ.பி. எண்ணைப் பார்த்துப் பக்கம் தானாகத் திறந்துவிடுகிறது. அப்போது காஞ்சிபுரத்துக்குப் பிராட்பேண்ட் வந்தே கொஞ்ச காலம்தான். எங்கள் ஐ.பி. எண் தினமும் மாறிக்கொண்டிருந்தது. அதனால் பதிப்பாளர் கல்லூரி மொத்தத்துக்கும் ஒரே ஒரு பாஸ்வேர்டு தந்திருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. எம்.லிப். தேர்வில் லைசென்ஸ் பற்றி எட்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

2. கார்டின் பின்பக்கம்

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தவர்கூடக் கிடையாது. அந்தக் கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக நான் சேர்ந்தபோது எங்கள் தெரு முழுக்க அது பேச்சு. அந்தப் பெருமையை நான் மறைத்ததும் இல்லை.

சுமதி அதே கல்லூரியில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள். நான் வேலையில் சேர்ந்த வருடம் அவளுக்குக் கடைசி வருடம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிறகு கூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சரானாள். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஃபில். சேர்ந்திருந்தாள். பட்டுக்குச் சாயம் போட்ட பிறகு வெளியேறும் தண்ணீரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுப்பது எப்படி என்பது அவளுடைய ஆய்வு. மெயில் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் கவுன்டரில் வந்து நின்றாள்.

"அக்கா, ஆறு பேப்பர் வேணும். வெளிய அப்ஸ்ட்ராக்ட் மட்டும்தான் தெரியுது. உள்ள போனா பூட்டிக்கினு இருக்குது."

"நீ இப்ப நம்ம ஸ்டூடன்ட் இல்லியேம்மா."

"தெரியும்க்கா. லைப்ரரியன் சார்கிட்ட கேட்டேன். வெளியாளுக்கெல்லாம் கிடையாதுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. ரெண்டு வருசம் இங்கயே குந்திக்கினு இருந்தவ, இப்ப வெளியாளு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினி வந்த பிறகு பழைய கேட்டலாக் கார்டுகளைக் கிழித்துத் துண்டுச் சீட்டாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு கார்டின் பின்பக்கம் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் எழுதி அவள் கையில் வைத்தேன்.

"யாருக்கும் குடுத்துடாத."

"குடுப்பனாக்கா?"

அவளுக்கு உதவத்தான் கொடுத்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. சார் இல்லை என்று சொன்ன ஒன்றை, என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்க முடிந்ததில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. மீதிப் பாதி அதுதான்.

மெயில் வந்த அன்று மதியம் சுமதிக்குப் போன் செய்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறாள். யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கட்டுமா என்று கணினி கேட்டபோது, ஒவ்வொரு தடவையும் டைப் அடிக்க வேண்டாமே என்று சரி கொடுத்திருக்கிறாள். பிறகு அதே கணினியில் உட்கார்ந்த யாருக்கோ கதவு தானாகத் திறந்திருக்கிறது.

"தப்பாக்கா அது?" என்று கேட்டாள்.

"தப்பு என்னுது. நீ வை" என்றேன்.

3. சார் எழுதிய கடிதம்

லைப்ரரியன் சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பம். கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒவ்வொரு டிபார்ட்மென்டா போன் பண்ணி என்னைக் கேக்கறா. இத்தனை நாள் உன்னைப் பத்தி நான் என்ன சொல்லிண்டிருந்தேன் தெரியுமா?"

"தப்புதான் சார்."

"உனக்கு வேலைல கன்ஃபர்மேஷன் அடுத்த மாசம். தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

ஒரு தாளை எடுத்து அவரே எழுதினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினார். நூலகக் கணினியில் இருந்த பாஸ்வேர்டை முன்னாள் மாணவி ஒருவர் ஊழியர்களுக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டார், அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. பெயர் எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

"பேரைப் போட்டு, காலைல கையெழுத்துப் போட்டுக் குடு. பொறுப்பு உன்னோடது, அதனால நீதான் போடணும்."

"சார், அவ எடுக்கல. நான்தான்..."

"அவ இந்தக் காலேஜ்ல இல்லம்மா. அவளுக்கு என்ன ஆயிடப் போறது? உனக்கு ஆகும்."

அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி ஒருத்தியைத் திருடி என்று எழுத்தில் கொடுத்தால், கூரத்துப் பள்ளியில் மறுநாள் அவள் வகுப்புக்குள் போக முடியாது. எம்.ஃபில். பதிவும் நிற்காது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

நடந்ததையும் சார் எழுதித் தந்ததையும் எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"முதலாளி அட்டைய வெளிய குடுத்துட்டன்னு சொல்லு."

எங்கள் தொழிலில் புடவைக் கரையின் டிசைன், ஓட்டை போட்ட அட்டைகளாகத் தறிமேல் தொங்கும். நெய்வது நாங்கள், அட்டை முதலாளியுடையது. எந்தத் தறிக்குத் தந்தாரோ அதில்தான் ஓட வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தால் அப்புறம் எந்த முதலாளியும் நெய்யப் பாவு நூல் தரமாட்டார்.

"அதேதான்பா."

"அதுக்கு, அந்தப் பொண்ணு தூக்கிக்கினு போயிடுச்சுன்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

நான் பையை இறக்கி வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை, தறியில் நாடாவை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்களா என்று விசாரித்த மாதிரிதான் இருந்தது. எனக்கு அதுதான் சுட்டது.

4. ஒன்பதாம் பக்கம்

மறுநாள் காலை சாரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டேன். உண்மையை எழுதுவதென்றால் எந்த விதியை மீறினேன் என்று எண்ணோடு எழுத வேண்டும் அல்லவா?

"அது எதுக்கு இப்போ?" என்றார். ஆனாலும் பீரோவைத் திறந்து தேடினார். கூரியரில் வந்த கவரிலேயே இருந்தது. மொத்தம் பதினாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் பிரின்சிபால் கையெழுத்தும் இருந்தன. மற்ற பக்கங்கள் யாரும் புரட்டாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்றபடியே படித்தேன். நான் மீறிய விதி நாலாம் பக்கத்தில் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ கடைசிவரை படித்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் 'வாக்-இன் யூசர்' என்று ஒரு பத்தி. மாணவரோ ஊழியரோ அல்லாத ஒருவரை நூலகம் உள்ளே அனுமதித்தால், அவர் நூலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, நூலகத்தின் கணினியில் ஜர்னல்களைப் படிக்கலாம். தடை இல்லை.

மூன்று தடவை படித்தேன். சுமதி கவுன்டரில் வந்து நின்ற அன்று, பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்கார் என்று சொல்லியிருந்தால் போதும். சார் இல்லை என்று சொன்னதும் தப்பு, நான் இந்தா என்று கொடுத்ததும் தப்பு. இரண்டு பேருமே ஒப்பந்தத்தைப் படிக்காமல் பதில் சொல்லியிருக்கிறோம்.

எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது இதுல இருந்துதா?"

"நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

நான் எழுதிய கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அரைப் பக்கம்தான். பாஸ்வேர்டை வெளியாள் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அது நாலாம் பக்கத்து விதிக்கு எதிரானது. அதைப் பெற்றுக்கொண்டவர் தன் படிப்புக்கு மட்டுமே பயன்படுத்தினார், எனவே அவர் பெயரைத் தரவில்லை. பொறுப்பு என்னுடையது. கீழே என் கையெழுத்து.

இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். வெட்டித் திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே, அந்த அச்சு மாதிரியான எழுத்தில், இரண்டு வரி சேர்த்தார். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிட்டவன் நான். படித்திருந்தால் அந்தப் பெண்ணை அன்றே உள்ளே அனுமதித்திருப்போம்.

"நேத்து ஒண்ணு எழுதிக் குடுத்தேனே, அதைக் குடு" என்றார். கொடுத்தேன். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

5. பதினோரு நாள்

பிரின்சிபால் இருவரையும் நிற்கவைத்துத்தான் பேசினார். "உங்க ரெண்டு பேரால ஒரு காலேஜே நிக்குது" என்றார். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதர் என் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். என் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. வீட்டில் அம்மாவிடம் அதைச் சொன்ன நாளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பதினோராம் நாள் ஜர்னல்கள் திரும்பி வந்தன. பதிப்பாளர் தரப்பில் மாறாத ஐ.பி. எண் வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். பாஸ்வேர்டு முறையையே எடுத்துவிட்டார்கள். நடுவில் கெமிஸ்ட்ரி புரொபசர் ஒருவர் தினமும் காலையில் வந்து, அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். பிரின்சிபால் திட்டியதைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

ஜர்னல்கள் திரும்பி வந்த மறுநாளே கூரத்துக்குப் பஸ் ஏறினேன். பள்ளி விட்டுச் சுமதி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"கேஸ் போட்டுட்டாங்களாக்கா?"

"கேஸெல்லாம் இல்ல. உன் பேரு எந்த லெட்டர்லயும் இல்ல."

"அப்போ யாரு பேரு இருக்குது?"

"என் பேரு. சார் பேரும் இருக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எம்.ஃபில்ல விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. இதுக்கப்புறம் அத கையில எடுக்கவே ஒரு மாதிரியா இருக்குது."

"சனிக்கிழமை வா. உள்ளயே உக்காந்து படி. ரூல்லயே இருக்குது, உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"வாட்ச்மேன் கேட்லயே நிறுத்துவாருக்கா."

"உன்ன உள்ள விடச் சொல்லி அவருகிட்ட லெட்டர் குடுத்துட்டேன். சார் கையெழுத்தோட."

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தாள். சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உக்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முதல் பேப்பர் திரையில் திறந்தபோது அவள் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஏதாவது தப்பாகிவிடுமோ என்ற பயம். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் இரண்டு பேப்பரைக் குறிப்பெடுத்து முடித்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இந்த ஒரு பக்கத்த மட்டும் பிரின்ட் எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கோ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். எழுந்து போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து படித்தோம். எடுக்கலாம் என்றுதான் இருந்தது. ஒரு பிரதி, அவளுடைய சொந்தப் படிப்புக்கு மட்டும்.